நழுவுவோரை நிலைநிறுத்தும் தோழமை

நற்காட்சியின் உறுப்புகள் எட்டு. ஐயமின்மையில் தொடங்கி அறம் விளக்கலில் முடியும் இவ்வெட்டினையும் நம் இல்லத்துச் சிறுவர் பிழையின்றி ஒப்புவிப்பர். ஆறாம் உறுப்பாகிய நிலைநிறுத்தலை, அதாவது நன்னெறியினின்று நழுவுவோரை மீண்டும் அந்நெறியில் நிற்கச் செய்தலை, இன்றைய இல்லறத்தார் எங்ஙனம் கைக்கொள்வது என்று வினவினால் பெரியோரும் சற்றுத் தயங்குவர். நாமும் தயங்கியவர்களே. சென்ற ஆனித் திங்களில் வடகரை என்னும் ஊரில் கல்லூரி மாணவி ஒருவரிடம் கேட்டறிந்த செய்தி அத்தயக்கத்தைச் சிறிது நீக்கியது. அதனையே இவ்விதழின் பாடமாக வாசகர்முன் வைக்கின்றோம்.

கழுகுமலை வழிபாட்டுக்காக வந்தவாசிப் பக்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து புறப்பட்டோம். அங்கே பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ் வட்டெழுத்தில் பல பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குரவர், குரத்தியர், அவர்தம் மாணாக்கர் என்று ஆசிரியரையும் மாணவரையும் சேர்த்தே நினைவுகூரும் கல்வெட்டுகள் அவை. வழிபாடு முடித்துச் சங்கரன்கோவில், தென்காசி வழியாக வடகரையை அடைந்தோம். அரசுப் பணியில் நம்முடன் இருந்த நண்பர் ஒருவர் அங்கு வாழ்கிறார். செங்கோட்டைக்கும் பண்பொழிக்கும் அண்மையில், மலையடிவாரத்தில், அனுமன் நதியின் நீரால் நெல்லும் தென்னையும் செழிக்கும் ஊர் அது. நம் வழக்கத்தை அறிந்த நண்பர், ஞாயிறு மறையுமுன் உணவுக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

மறுநாள் குற்றாலம் சென்றோம். பேரருவியில் நெரிசல் மிகுந்திருந்தமையால் ஐந்தருவிக்குத் திரும்பினோம். வண்டிகள் நிற்கும் இடத்தில் கல்லூரி வயதினர் ஐவர் காரின் மறைவில் குடித்துக்கொண்டிருந்தனர். ஒருவனுக்கு நிற்கவும் இயலவில்லை. "தண்ணியில நின்னா தெளிஞ்சிரும்" என்று சொல்லி இருவர் அவனைத் தாங்கி அருவியை நோக்கி அழைத்துச் சென்றனர். காவலர் ஒருவர் தடுத்துத் திருப்பியனுப்பினார். அவர் அங்கில்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவும் அஞ்சினோம்.

அருவி நீர் போதையைத் தெளிவிக்கும் என்பது குற்றாலத்துக்கு வருவோர் பலரின் நம்பிக்கை. அது பிழை. 30 மில்லி பிராந்தியிலோ விஸ்கியிலோ ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் உள்ளது. அதனை அகற்றக் கல்லீரலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். கடையில் 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லி புட்டியில் அத்தகைய பங்கு ஆறு. ஆகவே ஆறு மணி நேரமேனும் கழியவேண்டும். மோரும் எலுமிச்சைச் சாறும் காப்பியும் குளியலும் இக்கணக்கை ஒரு நிமிடமும் குறைக்கமாட்டா. குளிர்நீர் மேலும் கேடு செய்யும். மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் உடல் வெம்மை விரைந்து வெளியேறும். குடித்தவனுக்கோ வெதுவெதுப்பாக இருப்பதுபோல் தோன்றும். பாசி படிந்த பாறையில் கால் வழுவினால் தன்னைக் காத்துக்கொள்ளும் விரைவும் அவனிடம் இராது. மயங்கியவனை மல்லாத்திக் கிடத்தலாகாது; வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒருவர் உடனிருக்க வேண்டும். எழுப்பியும் எழவில்லையெனில், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருமெனில், உடனே 108க்குத் தெரிவிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அன்று மாலை நமக்கு எடுத்துரைத்தவர் நண்பரின் பேத்தி. அப்பகுதிக் கல்லூரியொன்றில் பயில்பவர். நாட்டு நலப்பணித் திட்டத்திலும் செஞ்சுருள் சங்கத்திலும் தொண்டர். உடன் பயில்வோருக்கு உடல்நலச் செய்திகளை எடுத்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர். பேராசிரியர்களும் மருத்துவர்களும் இருக்க மாணவர் எதற்கு என்று கேட்டோம். "சேக்காளி சொன்னா கேப்பாங்க, தாத்தா. வாத்தியார் சொன்னா வகுப்பு முடியுற வரைக்கும்தான்" என்றார். முப்பத்தைந்தாண்டுக் காலம் ஆசிரியராய் இருந்த நம் குழுவினர் ஒருவர் இதனைக் கேட்டுச் சிரித்தார்; மறுக்கவில்லை.

இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் 1975ஆம் ஆண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்கு மதுவின் தீமையை உணர்த்தும் அமைப்பொன்று தோன்றிப் பின்னர்ப் பல கல்லூரிகளுக்கும் பரவியது. ரோமானியரின் மதுத் தெய்வமாகிய பாக்கஸ் என்பதே அதற்கு வைத்த பெயர்! நம் நாட்டில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் தொடங்கியது. சாலை அமைத்தலும் மரம் நடுதலுமாக இருந்த அதன் பணியில், 1991இல் எய்ட்ஸ் நோய் பற்றி மாணவரே மாணவரிடம் பேசும் திட்டம் சேர்ந்தது. பின்னர்த் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் வழியே கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் எழுந்தன. பேசக் கூசும் ஒரு நோயைப் பற்றிப் பேசப் பழகிய நாவுக்கு மதுவைப் பற்றிப் பேசுதல் அரிதன்று. 2022 முதல் தமிழகப் பள்ளி, கல்லூரிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்களும் அமைக்கப்பட்டு வருகின்றன.

பயிற்சியில் என்ன கற்பிப்பர்? கல்லீரல் கெட்டழிந்த படங்களைக் காட்டி அச்சுறுத்துவர் என்று நாம் எண்ணியிருந்தோம். அச்சம் நெடுநாள் நில்லாது என்பதே அங்கு முதற்பாடமாம். இருபது வயதினனுக்கு ஐம்பது வயதில் வரும் நோய் பிறருடைய நோயாகவே தோன்றும். ஆதலின் அவனுக்கு இன்று எது தேவையோ அதிலிருந்து தொடங்குவர். நண்பர் கூட்டத்தில் குவளையை நீட்டும்போது நட்பு முறியாமல் மறுப்பது எப்படி என்பதை இருவர் இருவராக நடித்துப் பழகுவர். முதலில் எல்லாரும் சிரிப்பராம். மூன்றாம் முறை நடிக்கும்போது சிரிப்பு அடங்கி, மெய்யாகவே வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு கடினம் என்பது விளங்குமாம். காரணம் சொல்லி மறுத்தால் அக்காரணத்தை வாதாடி வீழ்த்துவர். காரணமின்றி "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுதலே நன்று என்று அப்பெண் கூறினார். நம் பிள்ளைகள் "வீட்டில் திட்டுவார்கள்" என்றே மறுக்கப் பழகியுள்ளனர். வீடு தொலைவில் இருக்கும்போது அக்காரணம் பயன்படாது.

எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லுதல் இரண்டாம் பாடம். நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்னும் இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர் தம் தோழர்கள் குடிக்கும் அளவை மெய்யினும் மிகையாகவே கருதுகின்றனர் என்று காட்டியது. எல்லாரும் குடிக்கின்றனர் என்று எண்ணுபவன் தானும் அக்கூட்டத்தில் சேர்கின்றான். நம் நாட்டின் நிலை என்ன? 2019இல் நடுவண் அரசு வெளியிட்ட ஆய்வின்படி 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் மது அருந்துவோர் நூற்றுக்கு 14.6 பேர், ஆண்களை மட்டும் கணக்கிட்டால் 27.3 பேர். ஆடவர் நால்வரில் மூவர்க்கு அண்மையோர் குடிப்பதில்லை. இந்த ஒரு செய்தி விடுதியில் தனித்து நிற்கும் பிள்ளைக்குத் தான் தனியனல்லன் என்னும் துணிவைத் தரும்.

ஏற்கெனவே குடிக்கத் தொடங்கிய தோழனிடம் கேட்க நான்கு வினாக்கள் உண்டு. வட கரோலினாப் பல்கலைக்கழகத்து மருத்துவர் யூவிங் 1968இல் வகுத்தவை. குறைக்கவேண்டும் என்று நினைத்ததுண்டா, பிறர் குறைகூறியபோது எரிச்சல் வந்ததுண்டா, குடித்தமைக்காக உள்ளம் குறுகுறுத்ததுண்டா, விடிந்ததும் நடுக்கம் தீரக் குடித்ததுண்டா என்பனவே அவை. இரண்டுக்கேனும் ஆம் என்ற விடை வந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் நான்குக்கும் இல்லை என்றே விடை வரும் என்று அப்பெண் எச்சரித்தார்.

மாணவர் மருத்துவரல்லர் என்பதும் பயிற்சியின் பகுதி. இங்கு நம் வாசகர் பலர் அறியாத ஒன்றைச் சொல்லவேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவரை விரதம் ஏற்கச் செய்து ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே கேடு வரலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதனையடுத்துப் பிதற்றலும் இல்லாத உருவங்களைக் காணுதலும் நேரலாம். விரதம் உயர்ந்தது. ஆயினும் இத்தகையோர் அதனை மருத்துவரின் துணையோடு ஏற்பதே உயிர்க்குக் காப்பு.

மது, மாமிசம், தேன் இவற்றை விலக்குதல் சிராவகர்க்கு மூலகுணம். புளித்த பொருளில் எண்ணற்ற உயிர்கள் தோன்றி மடிவதனாலும், மயக்கத்தில் கருத்தழிந்தவன் எவ்வுயிர்க்கும் தீங்கிழைக்கக் கூசான் ஆதலாலும் ஆசாரியர்கள் இதனை முதற்படியாக வைத்தனர். நாமும் "நம் இல்லங்களில் அது இல்லை" என்று பெருமையாகச் சொல்லி வந்துள்ளோம். அப்பெருமையே ஒரு பிள்ளையை நம்மிடமிருந்து பிரித்ததை இனி மறைப்பதற்கில்லை.

நம் உறவில் ஒரு மகன் பொறியியல் கற்க வெளியூர் விடுதியில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டிலேயே குடிக்கத் தொடங்கிவிட்டான் என்னும் செய்தி பிறகு தெரியவந்தது. ஆலயத் திருவிழாவுக்கு அவன் வந்தபோது, மண்டபத்தில் பத்துப்பேர் முன்னிலையில் பெரியோர் அவனை விசாரித்தனர். நாமும் அங்கிருந்தோம். "நம் குலத்தில் இது உண்டா?" என்று கேட்டது நம் வாயே. அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்றான். நான்காண்டுகளாக ஊருக்கு வரவில்லை. அவனோடொத்த வயதினனான பெரியப்பா மகன் ஓராண்டுக்கு முன்பே அதனை அறிந்திருந்தான் என்பது பின்னரே தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "அவனிடம் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை, உங்களிடம் சொன்னால் என்னவாகும் என்று தெரியும்" என்றான்.

ஐந்தாம் உறுப்பு அறப்பழி நீக்கல். வழுவியவரின் குற்றத்தை ஊரறியப் பரப்பாது மறைத்துத் தனியே திருத்துதல் அதன் பொருள். ஜினேந்திர பக்தர் என்னும் வணிகரின் கதையை நாம் அறிவோம். துறவி வேடத்தில் வந்த கள்வன் மணியைத் திருடிக் காவலரிடம் சிக்கியபோது, நான் சொல்லித்தான் கொண்டுவந்தார் என்று ஊரார்முன் காத்து, தனிமையில் அவனைக் கடிந்து அனுப்பினார். ஆறாம் உறுப்புக்குச் சொல்லப்படும் வாரிசேணர் கதையோ தோழமையின் கதையே. துறவு பூண்டும் மனைவியை மறவாது பன்னிரண்டாண்டு உழன்ற தோழரை நிலைநிறுத்தியவர் ஆசாரியர் அல்லர், உடன் துறந்த நண்பர். தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று தாம் விட்டுவந்த செல்வத்தைக் காட்டி அவரைத் தெளிவித்தார். பழியை மறைத்தல் ஐந்தாவதாகவும் நிலைநிறுத்தல் ஆறாவதாகவும் வரிசைப்பட்டிருப்பதை இத்தனை ஆண்டு ஒப்புவித்தும் நாம் கருதிப் பார்க்கவில்லை.

வடகரைப் பெண்ணின் பயிற்சியிலும் இரகசியம் காத்தலே முதல் விதி. தோழி சொன்னதைத் தோழியின் ஒப்புதலின்றி எவரிடமும் சொல்லலாகாது. உயிருக்கு ஊறு நேரும் என்ற நிலையில் மட்டும் பொறுப்புடைய ஒருவரிடம் சொல்லவேண்டும். சொல்லப்போவதை அத்தோழியிடமே முன்கூட்டிக் கூறவேண்டும்.

சட்டம் காக்கும் என்று நம்பியிருந்த காலமும் உண்டு. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணமெங்கும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, மீண்டும் நீங்கியது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. 21 வயது நிரம்பாதோர்க்கு விற்கலாகாது என்பது விதி. ஐந்தருவியில் நாம் கண்ட முகங்களில் சில அவ்வயதை எட்டியனவாகத் தோன்றவில்லை.

சிகிச்சைக்கு இடமுண்டு என்பதைப் பலர் அறியார். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்தாரையும் அமர்த்திச் சிகிச்சை அளித்து வழிகாட்டியது. மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம்களும் நடத்தியது. அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. ஆயினும் முன்சொன்ன 2019 ஆய்வு, மதுவுக்கு அடிமையானோர் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறுகிறது. எஞ்சிய 37 பேரைத் தடுப்பது பெரும்பாலும் வெட்கமே. 14446 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். பெயர் சொல்லவேண்டிய கட்டாயமில்லை.

கோடை விடுமுறையில் நம் ஆலயங்களில் நடைபெறும் அறநெறி வகுப்புகளில், கல்லூரி செல்லும் இளைஞர்க்கென இரண்டு நாட்களை ஒதுக்கலாம். அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் ஒருவரும், பயிற்சி பெற்ற மாணவர் இருவரும் போதும். பெரியோர் அவ்வறையில் இருத்தல் வேண்டா. நாம் உட்பட.

ஊர் திரும்பியதும் பெரியப்பா மகனை அழைத்து இவற்றையெல்லாம் சொன்னோம். நான்கு வினாக்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். ஆவணியில் பெங்களூர் சென்று தம்பியோடு மூன்று நாள் தங்கி வந்தான். என்ன பேசினீர்கள் என்று நாம் கேட்கவில்லை.