‘சென்சார் போயிடுச்சு’ என்று சொல்வதற்கு முன்

மின்சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான புகார்தான். திரையில் வேகம் 0-விலேயே நிற்கும். இல்லையென்றால் 12, 0, 47 என்று வாய்க்கு வந்தபடி சொல்லும். பெடலை மிதித்தால் மோட்டார் கொஞ்ச தூரம் கைகொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கடைக்குக் கொண்டுபோனால், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றும் முன்பே ‘சென்சார் போயிடுச்சு சார்’ என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. சில கடைகளில் அதுவே ‘மோட்டாரையே மாத்தணும்’ என்று வளர்கிறது. அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். இந்த வேக சென்சாரைச் சுற்றி உலவும் பேச்சில் பாதி அரைகுறை.

நம்பிக்கை: வேக சென்சார் மீட்டருக்குத்தான். அது வேலை செய்யாவிட்டாலும் வண்டி ஓடும்.

பழைய பெட்ரோல் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தால் முள் மட்டும் படுத்துக்கொள்ளும், வண்டி அதன் பாட்டுக்கு ஓடும். அந்தப் பழக்கத்தில் வந்த நினைப்பு இது. மின்சைக்கிளில் வேகக் கணக்கு முதலில் தேவைப்படுவது மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலருக்கு. இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மணிக்கு 25 கி.மீ. அளவில் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும்; அமெரிக்காவில் முதல் வகுப்பு வண்டிகளுக்கு 20 மைல். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்றே தெரியாத கண்ட்ரோலர் எதை வைத்து நிறுத்தும்? அதனால் சந்தேகம் வந்ததும் உதவியைக் குறைத்துக்கொள்கிறது, அல்லது அடியோடு நிறுத்திவிடுகிறது. போஷ் நிறுவனத்தின் கையேடு இதை ஒளிக்கவில்லை: சென்சாருக்கும் சக்கரத்திலுள்ள காந்தத்துக்கும் இடையிலுள்ள தூரம் தவறினால் வேகம் காட்டுவது நின்றுபோகும், மோட்டார் அவசர நிலையில்தான் இயங்கும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

‘என் வண்டி 0 காட்டிக்கொண்டே ஓடுதே’ என்பவர்களும் உண்டு. சில மலிவான கண்ட்ரோலர்கள் அப்படித்தான். அவற்றில் மீட்டரோடு வேக வரம்பும் சேர்ந்து போய்விடலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

நம்பிக்கை: திரையில் பிழை எண் வந்தால் சென்சார் செத்துவிட்டது.

பாஃபாங் மோட்டார் வண்டிகளில் 21, போஷில் 503, ஷிமானோவில் டபிள்யூ011. இந்த எண்கள் சொல்வதெல்லாம் ‘எனக்கு வேகச் செய்தி வரவில்லை’ என்பதுதான். ஏன் வரவில்லை என்று அவை சொல்வதில்லை. செய்தி காந்தத்தில் தொடங்கி, சென்சார், வயர், கனெக்டர் எல்லாம் கடந்து கண்ட்ரோலருக்குப் போகிறது. வழியில் எங்கே தடைபட்டாலும் அதே எண்தான் வரும்.

ஆகவே கேட்கவேண்டிய முதல் கேள்வி, ‘இது எப்போதிலிருந்து?’ என்பது. பதில் பல நேரம் ‘பஞ்சர் போட்டதிலிருந்து’ என்று வரும். அதில் வியப்பில்லை. டியூபை மாற்றச் சக்கரத்தைக் கழற்றியவர், ஸ்போக்ஸ் கம்பியில் இருக்கும் சின்னக் காந்தத்தை ஏதோ அலங்காரத் துண்டு என்று நினைத்து நகர்த்தியிருப்பார். சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும் ஹப் மோட்டார் வண்டியென்றால் மோட்டார் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகியிருப்பார். அந்த உருண்டைப் பிளக்கின் இரு பாதியிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். இரண்டும் நேராக வரவேண்டும். பெரும்பாலானவற்றில் எதுவரை செருகவேண்டும் என்று ஒரு கோடும் போட்டிருக்கும். கோட்டுக்கு 2 மி.மீ. முன்னால் நின்றுவிட்டால் தடித்த ஊசிகள் பிடித்துக்கொள்ளும், மோட்டார் சுற்றும். மெல்லிய ஊசிகளில் ஒன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். திருகிச் செருகியிருந்தால் ஊசி வளைந்தே போயிருக்கும். கழற்றி, வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். வளைந்த ஊசி கண்ணுக்கே தெரியும், நுனி கூரான இடுக்கியால் நிமிர்த்தவும் முடியும்.

அடுத்து பார்க்கவேண்டியது, மோட்டார் வயர் ஆக்சிலின் துளையிலிருந்து வெளியே வரும் இடம். மின்சைக்கிளில் இதைவிடப் பாவப்பட்ட இடம் வேறில்லை. வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் எடை முழுவதும் அங்கேதான் இறங்கும். ஆக்சில் திரும்பாமல் பிடிக்கும் பல் வைத்த வாஷரை மாட்ட மறந்து, நட்டும் லூஸாக இருந்தால், மோட்டார் இழுக்கும்போது ஆக்சிலே சுழன்று வயரை முறுக்கிவிடும். உள்ளே ஒன்பது வயர்கள் போகும் வண்டிகளில் மூன்று தடித்தவை மோட்டாருக்கு; ஐந்து மெல்லியவை மோட்டாரின் சுழற்சி நிலையை உணரும் ஹால் சென்சார்களுக்கு; மீதமுள்ள ஒற்றை வெள்ளை வயர்தான் வேகச் செய்திக்கு. அது ஒன்று மட்டும் அறுந்தால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது, வேகச் செய்தி மட்டும் வராது.

நம்பிக்கை: காந்தம் எவ்வளவு நெருக்கமோ, எவ்வளவு பலமோ, அவ்வளவு நல்லது.

மோட்டார் பெடலோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில், பின்சக்கரத்துக்கு ஓடும் கீழ்க்குழாயில் சென்சார் இருக்கும். அதற்குள் பல நேரம் இருப்பது ரீட் ஸ்விட்ச்: கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புப் பட்டைகள், காந்தம் கிட்டே வந்தால் ஒட்டிக்கொள்ளும், போனால் விலகும். பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் 1936-ல் கண்டுபிடித்தது. 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 25 கி.மீ. போகும்போது நொடிக்கு மூன்று முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு முறையும் காந்தம் சென்சாரைக் கடக்கும் நேரம் சில மில்லி நொடிகள்தான். காந்தம் விலகி இருந்தால் அந்தச் சில மில்லி நொடிகளும் குறையும். மெதுவாகப் போனால் சரியாகக் காட்டி, வேகம் கூடியதும் 0-வுக்கு விழும் வண்டியில் முதலில் இடைவெளியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்போக்ஸ் காந்தம் வைத்த வண்டிகளுக்கு போஷ் சொல்லும் அளவு: 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 17 மி.மீ.க்கு மிஞ்சக் கூடாது. அளவுகோல் வேண்டாம். சாதாரணப் பென்சில் 7 மி.மீ. கனம். ஒரு பென்சில் நடுவில் நுழையவேண்டும்; மூன்று பென்சில் நுழைந்தால் தூரம் அதிகம். சென்சார் மேல் ஒரு கோடோ புள்ளியோ இருக்கும், காந்தம் அதற்கு நேராகக் கடக்கவேண்டும். தூரம் சரியாக இருந்து, மேலோ கீழோ விலகியிருந்தாலும் வேலை நடக்காது. பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து பிடுங்கிய முரட்டுக் காந்தத்தை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது ரீட் ஸ்விட்ச் ஒரே சுற்றில் இருமுறை ஒட்டி விலகி, வேகத்தை இரட்டிப்பாகக் காட்டக்கூடும். வண்டியோடு வந்த காந்தமே போதும்.

நம்பிக்கை: சென்சார் என்றால் சென்சார்தான், எதைச் சொன்னால் என்ன?

இந்தக் குழப்பத்தில்தான் பணம் அதிகம் போகிறது. ஒரே வண்டியில் மூன்று விதச் சென்சார்கள் இருக்கலாம். பெடல் சுற்றுகிறதா என்று பார்ப்பது ஒன்று. அது கெட்டால் மிதித்தும் உதவி வராது, ஆனால் திராட்டில் வேலை செய்யும், வேகமும் காட்டும். மோட்டாருக்குள் இருக்கும் ஹால் சென்சார்கள் இன்னொன்று. அவை கெட்டால் மோட்டார் கிளம்பும்போது உதறும், கரகரக்கும். பாஃபாங்கில் அதற்கு எண் 08. மூன்றாவதுதான் வேக சென்சார்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. திரையை ஆன் செய்து, பெடலையும் திராட்டிலையும் தொடாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். 4, 5 என்று வேகம் நிலையாக வந்தால் வேக சென்சார் நலம், கோளாறு வேறெங்கோ. வராவிட்டால், நின்ற இடத்தில் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே வயரை அங்கங்கே அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் எண் கண் சிமிட்டுகிறதோ அங்கேதான் முறிவு.

நம்பிக்கை: ஹப் மோட்டாருக்குள்ளேயே இருக்கும் வேக சென்சாரை வெளியிலிருந்து சோதிக்க முடியாது.

சாதாரண மல்டிமீட்டர் போதும். மோட்டார் பிளக்கின் மெல்லிய சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். வரவில்லையென்றால் மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு, கண்ட்ரோலர் பக்கம் மறுபடி அளக்கவேண்டும். இப்போது வந்தால் மோட்டார் வயரில் ஷார்ட். அப்போதும் வராவிட்டால் கண்ட்ரோலரைப் பார்க்கவேண்டும். 5 வோல்ட் இருந்தால், பிளக்கைச் செருகிய நிலையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே முனைகளை வைத்துச் சக்கரத்தை மெல்ல முன்னோக்கிச் சுற்றுங்கள். அளவு ஏறி இறங்கித் தாவினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. தாவாமல் ஒரே அளவில் நின்றால் சென்சாரோ வெள்ளை வயரோ போயிருக்கிறது. தடித்த வயர்களின் பக்கம் மட்டும் முனையைக் கொண்டுபோகாதீர்கள்.

வெளியே இருக்கும் இரண்டு வயர் ரீட் சென்சார் என்றால் இன்னும் சுலபம்: பிளக்கைக் கழற்றி, பீப் நிலையில் மீட்டரை வைத்துக் காந்தத்தைக் காட்டினால் பீப் கேட்கவேண்டும். மூன்று வயர் சென்சாருக்கு இந்த பீப் சோதனை செல்லாது.

உள்ளே இருப்பது உண்மையிலேயே போயிருந்தாலும் மோட்டாரை மாற்றத் தேவையில்லை. பக்க மூடியைத் திறந்து அந்தச் சின்னப் பலகையை மாற்றி ஈயம் வைக்கலாம். சில கண்ட்ரோலர்களில் வெளியே ஒரு சென்சாரும் காந்தமும் வைத்து, அமைப்பை மாற்றினாலே ஒப்புக்கொள்ளும்.

நம்பிக்கை: தப்பான வேகம் காட்டினால் சென்சார் கோளாறு.

நிலையாகத் தப்புக் காட்டினால் அது அமைப்பு. சக்கரம் 26 அங்குலமாக இருக்க, திரையில் 20 என்று வைத்திருந்தால் உண்மையான 25 கி.மீ. 19 என்று தெரியும். ஒரு சுற்றுக்கு எத்தனை காந்தத் துடிப்பு என்றும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஒற்றைக் காந்தம் உள்ள வண்டியில் அதை 6 என்று வைத்தால் 24 கி.மீ. வேகம் 4 ஆகிவிடும். திரையை மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் முதலில் இதைப் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டுவது பிழை எண்ணை அழிக்கும், முறிந்த வயரை ஒட்டாது. கனெக்டரில் கண்ட எண்ணெயைத் தெளிப்பதைவிட, எலெக்ட்ரிக் பொருட்களுக்கான கான்டாக்ட் கிளீனர் நல்லது. வாட்டர் சர்வீஸ் பைப்பை ஹப் பக்கம் காட்டவே வேண்டாம்.

நம்பிக்கை: காந்தத்தை இடம் மாற்றி வேக வரம்பை ஏமாற்றினால் யாருக்கும் தெரியாது.

புதிய போஷ் மோட்டார்களுக்குத் தெரியும். 504 என்று எண் காட்டி உதவியைக் குறைத்துவிடும். தெரியாத வண்டிகளும் உண்டு, அதனால்தான் இந்த யோசனை ஓயாமல் சுற்றுகிறது. ஆனால் இந்தியாவில் மின்சைக்கிளுக்குப் பதிவெண், ஓட்டுநர் உரிமம், காப்பீடு எதுவும் கேட்பதில்லை என்றால், அது 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் தந்த சலுகை. மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் உள்ளே இருக்கும்வரைதான் அது செல்லும். வரம்பை உடைத்த வண்டியில் விபத்து நடந்தால், நீங்கள் ஓட்டியது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம்.