தொங்குற கேபிளும் முப்பது செகண்டும்

தம்பி, பாபநாசம் பக்கம் ரைஸ் மில்லுக்கு நெட்வொர்க் போடப் போறேன்னு நேத்து போன்ல சொன்னியே, கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போ.

எனக்கு ஒரு மில்லுல நடந்தது. பேர் வேண்டாம். சம்பா அறுப்பு நேரம், எடை மேடையில இருந்து ரோடு வரைக்கும் லாரி வரிசை. எடை கம்ப்யூட்டர், கேமரா, பில் பிரிண்டர் எல்லாம் ஒண்ணா நின்னு போச்சு. சுவிட்ச் பெட்டியைத் திறந்தா பச்சை லைட் எல்லாம் ஒரே தாளத்துல படபடக்குது. அப்படிப் படபடத்தா முதல்ல லூப்பைச் சந்தேகப்படு. எடை மேடை மேசைக்கு அடியில தொங்கிக்கிட்டிருந்த ரெண்டாவது கேபிளை, எலக்ட்ரீஷியன் அண்ணன் நீட்டா இருக்கட்டும்னு காலி ஓட்டையில சொருகியிருந்தார். உருவினதும் எல்லாம் அடங்கிடுச்சு.

அவர் மேல தப்பில்லை. கரன்ட் போய் வந்தா பில் கம்ப்யூட்டருக்கு ஐபி கிடைக்கலை, 169.254ன்னு காட்டுதுன்னு முன்னாடி வந்த ஆள் ஸ்பேனிங் ட்ரீயையே ஆஃப் பண்ணி வெச்சிருக்கார். வினை அங்கேதான். ஸ்பேனிங் ட்ரீ ஓடுற சுவிட்ச், போர்ட் உயிர் வந்ததும் 15 செகண்ட் கவனிக்கும், இன்னொரு 15 செகண்ட் கத்துக்கும், அப்புறம்தான் டேட்டாவை விடும். அந்த 30 செகண்ட் பொறுக்காம மொத்தத்தையும் அணைச்சா, லூப்பைத் தடுக்க ஆளே இல்லை. ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுசு கணக்கு கிடையாது. வட்டம் கிடைச்சா சுத்திக்கிட்டே இருக்கும். இதுக்காகத்தான் 1985ல ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீயைக் கண்டுபிடிச்சாங்க.

சரியான மருந்து, கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா மாட்டுற போர்ட்டுக்கு மட்டும், அந்த 30 செகண்ட் காத்திருப்பைத் தாண்டவிடுற போர்ட்ஃபாஸ்ட் போடுறது. சில கம்பெனி சுவிட்ச்ல இதுக்கு எட்ஜ் போர்ட்னு பேர். ரேப்பிட் ஸ்பேனிங் ட்ரீ இருக்கேன்னு விட்டுடாதே, பல சுவிட்ச்ல கம்ப்யூட்டர் போர்ட்டுக்கு அதுலயும் எட்ஜ்னு சொல்லித்தான் ஆகணும். கூடவே பிபிடியு கார்டு போடு. (ஸ்பேனிங் ட்ரீக்காக சுவிட்சுங்க தங்களுக்குள்ள அனுப்பிக்கிற சேதிதான் பிபிடியு.) அந்த ஓட்டையில யாராவது சுவிட்ச் மாட்டினா போர்ட் தானா மூடிக்கும். தானா திறக்கணும்னா ரெக்கவரியையும் ஆன் பண்ணு. சிஸ்கோவுல 300 செகண்ட் கழிச்சுத் திறக்கும். கார்டுன்னு நினைச்சு பிபிடியு ஃபில்டரைப் போட்டுடாதே, அது காவல்காரன் கண்ணைக் கட்டுற வேலை.

சின்ன பிளாஸ்டிக் சுவிட்ச் சிலது பிபிடியுவை முழுங்கிடும், கார்டுக்குச் சேதியே போகாது. அதனால அளவுக்கு மீறின பிராட்காஸ்ட்டை அடக்குற ஸ்டார்ம் கன்ட்ரோலும் இருக்கட்டும். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவுல உள்ள போர்ட்ல போர்ட்ஃபாஸ்ட் மட்டும் போட்டுடாதே.

அடுத்தது ரூட், அதாவது ஸ்பேனிங் ட்ரீக்குத் தலைமை சுவிட்ச். நீ சொல்லலைன்னா எல்லா சுவிட்சுக்கும் பிரயாரிட்டி 32768தான். அப்போ மேக் அட்ரஸ் சின்னதா இருக்கிறது ரூட் ஆகும். பெரும்பாலும் அது குடோன்ல உமித்தூசி மண்டிக் கிடக்கிற பழைய சுவிட்சாத்தான் இருக்கும். தண்ணி முறை வைக்கிற வேலையைக் கடைமடையில கொடுப்போமா? ஆபீஸ்ல இருக்கிற நல்ல சுவிட்சுக்கு 4096, அதுக்கு அடுத்ததுக்கு 8192. இந்த எண் 4096 மடங்காத்தான் இருக்கணும், வேற எதுவும் ஏத்துக்காது.

சுவிட்சுகளுக்கு நடுவுல மாற்றா ஒரு கேபிளும் போட்டு வெச்சா, முதலாளி கட்டாயம் கேட்பார், "இந்தக் கேபிள்ல ஒண்ணுமே போகலையே, எதுக்கு?"ன்னு. கொள்ளிடம் பாதி வருஷம் மணலாக் கிடக்குது, யாராவது தூர்க்கிறாங்களான்னு திருப்பிக் கேளு. பிளாக் ஆகிக் கிடக்கிற லிங்க்தான் மெயின் கேபிளை எலி கடிச்ச அன்னிக்கு வேலைக்கு வரும். (மில்லுல எலி கடிக்காத கேபிளை நான் பார்த்ததில்லை.) அந்த மாற்று கேபிளுக்கு ரெண்டு முனையிலயும் சிவப்பு டேப் சுத்தி, 'உருவாதே'ன்னு எழுதிடு.

கடைசியா, கிளம்பும்போது அவங்க முன்னாடியே மெயின் கேபிளை உருவிக் காட்டு. எத்தனை செகண்ட்ல திரும்பி வருதுன்னு எண்ணி நோட்டுல குறிச்சுட்டு வா. என் கிரிம்ப்பிங் டூல் போன தடவை மாதிரி அங்கேயே கிடக்கப் போகுது, பத்திரம்.