கடும் நிமோனியாவும் ஹைட்ரோகார்ட்டிசோனும்

மருத்துவமனைக்கு வெளியே, அன்றாட வாழ்வில் தொற்றும் நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் நிமோகாக்கஸ் முதன்மையானது. இந்நோயில் நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சீழும் நிறைவதால், பிராணவாயு இரத்தத்தில் கலப்பது தடைப்படுகிறது. தக்க கிருமிநாசினி மருந்துகளை உரிய காலத்தில் அளித்தும் நோயாளிகள் சிலர் இறப்பதேன்? கிருமிகளை எதிர்த்து உடலில் எழும் அழற்சி அளவு கடந்து, நுரையீரலையே சிதைப்பதும் ஒரு காரணமாகும்.

இவ்வழற்சியை ஹைட்ரோகார்ட்டிசோன் தணிக்குமா என்பதைப் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆராய்ந்து, 2023-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை அனைவருக்கும் அளிக்கப்பட்டது. அத்துடன், சுமார் 800 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வீதம் இம்மருந்தும், மறு பாதியினருக்கு மருந்தில்லாத கரைசலும் சிரை வழியே செலுத்தப்பட்டன. இருபத்தெட்டு நாட்களுக்குள் இறந்தோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 6.2, மறு பிரிவில் நூற்றுக்கு 11.9.

எனினும், இன்புளுயன்சாவால் நேர்ந்த நிமோனியா இவ்வாராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அதற்கு இம்முடிவைப் பொருத்துதல் தகாது. இம்மருந்து இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துவதால், அதனை அடிக்கடி அளந்து வருதல் இன்றியமையாதது. ஹைட்ரோகார்ட்டிசோன் கிருமிநாசினி மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.