காணிக் கணக்கில் உர அளவு

உரப் பரிந்துரைகள் எக்டருக்கு இத்தனை கிலோ சத்து என்றே வெளியிடப்படுகின்றன. காட்டுப்பாக்கம், பூந்தமல்லிப் பகுதியின் பழைய நில அளவோ காணி. கடையில் கிடைப்பது 45 கிலோ யூரியா மூட்டை. மூன்றையும் இணைக்கும் முறையை இங்குக் காண்போம்.

1 காணி = 24 மனை = 57,600 சதுர அடி = 132 சென்ட்
1 எக்டர் = 247 சென்ட்
யூரியாவில் தழைச்சத்து = 46 சதம்

எடுத்துக்காட்டு: அரைக் காணியில் குறுகிய கால நெல். எக்டருக்குத் தழைச்சத்து 120 கிலோ எனக் கொள்வோம்.

படி 1: அரைக் காணி = 66 சென்ட்.

படி 2: தேவையான தழைச்சத்து = 120 × 66 ÷ 247 = 32 கிலோ.

படி 3: தேவையான யூரியா = 32 × 100 ÷ 46 = சுமார் 70 கிலோ. அதாவது ஒன்றரை மூட்டையும் இரண்டரை கிலோவும்.

படி 4: நான்கு சம பங்காகப் பிரித்தால், தடவைக்கு 17.5 கிலோ. அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் இடவேண்டும்.

எக்டர் அளவை ஏக்கர் அளவாகக் கொண்டால் இதே வயலுக்கு 172 கிலோ யூரியா போய்விடும். பணம் வீணாவதுடன் பயிர் சாயும். புகையானும் குலை நோயும் பெருகும். எக்டர் அளவையே யூரியாவின் எடையாகக் கொண்டால் பயிருக்குப் பாதிச் சத்துகூடக் கிடைக்காது.

அடியுரமாக டி.ஏ.பி. இட்டால், அதிலுள்ள 18 சதத் தழைச்சத்தை முதல் தவணையில் கழித்துக்கொள்ளவும். மண் பரிசோதனை செய்திருந்தால், 120க்குப் பதில் அட்டையில் கண்ட அளவை வைத்து இதே படிகளைப் பின்பற்றலாம்.