வழியில் எதிர்ப்படுவோர் மேல் பாயும் நாயைப் பழக்குதல்

வயலுக்கோ தோட்டத்துக்கோ செல்லும் கமக்காரரின் பின்னால் அவர் வளர்க்கும் நாயும் செல்வது வழக்கம். காவலுக்கென வளர்க்கப்படும் நாய்களுட் சில, திருடனையும் உறவினனையும் ஒன்றுபோலவே வரவேற்கும் இயல்புடையன. ஒழுங்கையில் எவரேனும் எதிர்ப்பட்டால் வாலை ஆட்டியவாறு ஓடிச் சென்று, முன்னங்கால்களை அவர் மார்பில் வைத்து முகத்தை நக்க முயலும். இதனைப் பலர் குற்றமாகக் கொள்வதில்லை. எனினும், சேற்று வயலில் இறங்கிய நாய் வெள்ளைச் சீருடையுடன் பாடசாலை செல்லும் பிள்ளையின் மேல் பாய்ந்தால், பிள்ளை அழுதுகொண்டு வீடு திரும்ப வேண்டியதே. மரக்கறிக் கூடையைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டிச் சந்தைக்குச் செல்பவர் விழுந்தால் நட்டம் கூடையோடு நின்றுவிடாது. முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியவும் கூடும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. விசர்நாய் நோய் இலங்கையில் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆகவே, அன்பினாற் பாய்ந்த நாயின் நகம் கீறிய காயமாயினும் அதனைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்பட்டிருப்பினும், எதிரே வருபவர் அதனை அறியார். பாய்ந்து வரும் நாயின் உள்ளமும் அவருக்குத் தெரியாது. அவர் கையில் மண்வெட்டி இருந்தால் குற்றமற்ற நாய் முடமாகும்.

பாய்வதன் காரணம்

குட்டிகள் தாயின் வாயை நக்கி உணவு கேட்கும். ஓநாய்க் குட்டிகளிடத்தும் இவ்வழக்கம் உண்டு. மனிதனுடைய முகம் உயரத்தில் இருப்பதால் நாய் அதனை எட்டப் பாய்கின்றது. குட்டியாயிருந்தபோது மார்பில் ஏற்றிக் கொஞ்சியவர்களே அது வளர்ந்தபின் அதட்டுகின்றனர். இம்மாற்றம் நாய்க்கு விளங்குவதில்லை. கையால் தள்ளுதலை அது விளையாட்டென எண்ணும். அதட்டலையும் தன்னைக் கவனித்தலாகவே கொள்ளும். விரும்பிய பயனைத் தந்த செயலை விலங்குகள் மீண்டும் செய்யும் என்பதை 1898 ஆம் ஆண்டில் எட்வேட் தோண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர், பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்து விளக்கினார். நாயின் பாய்ச்சலும் இவ்விதிக்கு அடங்கியதே.

முழங்காலால் மார்பில் இடித்தலையும், பின்னங்கால் விரல்களை மிதித்தலையும் சிலர் பரிகாரமாகக் கூறுவர். இவை ஆகா. புதியவர் வருந்தோறும் நோவு வருமென நாய் கற்றுக்கொண்டால், நேற்று நக்கிய நாய் நாளை கடிக்கவும் கூடும்.

பழக்கும் முறை

முதற் பாடம் படலைக்கு உள்ளேயே நடைபெற வேண்டும். வீட்டார் திரும்பி வரும்போது, நாயின் நான்கு கால்களும் நிலத்தில் இருந்தால் மட்டும் அதனைத் தடவிப் பேசலாம். பாய்ந்தால் பேசாது முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். முதற் சில நாட்களில் நாய் முன்னிலும் அதிகமாகப் பாய்ந்து குரைக்கும். வாய்க்காலை அடைத்தவுடன் நீர் உயர்ந்து வரம்பை முட்டுவது போன்றதே இது. முறை பிழைத்துவிட்டதென எண்ணிக் கைவிடலாகாது. பாட்டியார் ஒருவர் மட்டும் இரங்கித் தடவினாலும் பாடம் கெடும். இடைக்கிடை கிடைக்கும் பயன் பழக்கத்தை மேலும் உறுதியாக்கும்.

பின்னர் ஒழுங்கைக்குச் செல்லலாம். கயிறு ஏறத்தாழ 2 மீற்றர் நீளமிருத்தல் நன்று. கழுத்தை இறுக்காத மார்புவார் மேலானது. ஆள் வரும்போதெல்லாம் கழுத்து நெரிபட்டால் நாய் ஆளையே வெறுக்கும். அவித்த முட்டையையோ கோழியிறைச்சியையோ கடலையளவு துண்டுகளாக்கி எடுத்துச் செல்க. கறியில் வெந்த இறைச்சி கூடாது. வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். வெங்காயம் பயிரிடுவோருள்ளும் இதனை அறியாதார் பலர்.

தூரமே இப்பாடத்தின் உயிர். எதிரே ஆள் தோன்றியதும், நாய் அவரைக் கண்டும் உணவை உண்ணக்கூடிய தொலைவில் நிற்க வேண்டும். ஒரு நாய்க்கு 10 மீற்றர் போதும். இன்னொன்றுக்கு 40 மீற்றரும் போதாது. அவ்விடத்தில் உணவைக் கையாற் கொடாது நிலத்தில் இடுக. நாய் கீழே குனியும். குனிந்த நாய் பாயாது. ஆள் கடந்து சென்றபின் உணவையும் நிறுத்துக. நாட்கள் செல்லச் செல்லத் தூரத்தைக் குறைக்கலாம். கயிற்றை இழுத்து, உணவையும் மறுத்தால் மிக அருகில் வந்துவிட்டதென அறிந்து, வரப்பிலே பக்கமாக விலகிச் செல்க. ஒரு முறைக்கு 5 நிமிடம் போதும்.

நாய்க்கு அஞ்சாத அயலவர் ஒருவரின் உதவியைப் பெறுதல் நலம். அவர் மெல்ல நெருங்கி வர வேண்டும். நாய் எழும்பினால் பின்வாங்க வேண்டும். கால்கள் நிலத்தில் நின்றால், தலைக்கு மேலே கையை நீட்டாது கீழிருந்து மார்பைத் தடவலாம். மூன்று எண்ணுமுன் நாயை அழைத்து உணவிடுக. நீண்ட கொஞ்சலே மீண்டும் பாய்ச்சலாக முடியும். வழியில் வரும் எல்லோரையும் நாய் சந்திக்க வேண்டியதில்லை. அஞ்சுவோருக்கு ஒதுங்கி வழிவிடுவதே முறை.

உடல் விறைத்து, வாலை ஒடுக்கி, உறுமியவாறு பாய்வது நட்பன்று. அத்தகைய நாயை அயலவரிடம் நெருங்கவிடாது கால்நடை வைத்தியரிடம் காட்டுக. புதிதாகக் குட்டி கொண்டுவருவோர், அதன் மூன்றாம் வாரந் தொடக்கம் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரையுள்ள காலத்திலேயே பலவகை மனிதரையும் நிலத்தில் நின்றவாறு சந்திக்கப் பழக்கினால், மேற்கூறிய பாடங்களுட் பெரும்பகுதி தேவைப்படாது.