சேமிக்கச் சொல்லும்வரை சேமிக்காத பெட்டி

கேள்வி: ரவுட்டரில் கட்டளை கொடுத்த நொடியே அது அமலாகிவிடுகிறது. அப்புறமும் எதற்கு 'ரைட் மெமரி' என்று தனியாக அடிக்கச் சொல்கிறார்கள்? செல்பேசியில் எதை மாற்றினாலும் தானே பதிந்துகொள்கிறதே. இந்த வழக்கம் எங்கே தொடங்கியது? (வென்ட்வொர்த்வில், சிட்னி வாசகர்)

பதில்: ரவுட்டர் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தில் என்று பலர் சொல்வார்கள். அதற்கும் இருபது ஆண்டு முன்னால், தொலைபேசி இணைப்பகங்களுக்குப் போக வேண்டும்.

அதற்கும் முந்தைய காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. ஆஸ்திரேலியாவின் முதல் பொதுத் தானியங்கித் தொலைபேசி இணைப்பகம் 1912-ல் மெல்பர்னுக்குப் பக்கத்திலுள்ள ஜீலாங்கில் திறக்கப்பட்டது. அங்கே சேமிப்பு என்ற பேச்சே எழவில்லை. எந்த வீட்டுக்கு எந்த எண் என்பதைக் கம்பிகளே முடிவு செய்தன. எண்ணை மாற்ற வேண்டுமானால் ஒருவர் கருவியோடு போய்க் கம்பியை மாற்றிப் பற்றவைப்பார். மின்சாரம் போய் வந்தாலும் கம்பி கம்பியாகவே இருக்கும்.

இணைப்பகத்துக்குள் கணினி புகுந்ததும் நிலைமை மாறியது. 1965 மே மாதம் அமெரிக்காவின் சக்கசன்னா என்ற சிற்றூரில் பெல் நிறுவனத்தின் 'நம்பர் 1 இஎஸ்எஸ்' இயங்கத் தொடங்கியது. அதன் நிரலும் சந்தாதாரர் விவரமும் 'ட்விஸ்டர்' என்ற நினைவகத்தில் இருந்தன: அலுமினியத் தகடுகள், அவற்றின்மேல் வரிசை வரிசையாகக் குட்டிக் காந்தங்கள். இணைப்பகத்தால் அந்தத் தகடுகளைப் படிக்க முடியும், எழுத முடியாது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். நிரல் எங்காவது தடுமாறினாலும் ஊரின் தொலைபேசி விவரம் அழிந்துவிடக் கூடாதல்லவா.

ஆனால் ஊரில் தினமும் யாராவது புது இணைப்பு வாங்குவார்கள், வீடு மாறுவார்கள். அந்த மாற்றங்களை மட்டும் எளிதில் எழுதி அழிக்கக்கூடிய வேறொரு நினைவகத்தில் வைத்தார்கள். அதற்கு 'ரீசன்ட் சேஞ்ச்' என்று பெயர். அழைப்பு வரும்போது இணைப்பகம் முதலில் அங்கே பார்க்கும், பிறகுதான் தகடுகளைப் பார்க்கும். அவ்வப்போது தகடுகளை வெளியே எடுத்து, தனி இயந்திரத்தில் காந்தங்களைத் திருத்தி, திரும்பவும் செருகுவார்கள். நீங்கள் அடிக்கும் 'ரைட் மெமரி'க்கு அதுதான் பாட்டன்.

1984-ல் தொடங்கிய சிஸ்கோ, 1986-ல் தன் முதல் ரவுட்டர்களை விற்கத் தொடங்கியது. அவற்றிலும் அமைப்பு விவரத்துக்கு இரண்டு பிரதிகள்: வேலை செய்யும் 'ரன்னிங் கான்ஃபிக்' சாதாரண நினைவகத்தில், பெட்டியைப் போடும்போது படிக்கப்படும் 'ஸ்டார்ட்-அப் கான்ஃபிக்' மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில். இந்தப் பின்னது அப்போது கொஞ்சமாகத்தான் இருந்தது. 1990-களில் பெயர்பெற்ற 2500 வரிசையில்கூட வெறும் 32 கிலோபைட். அதனால் டிஎஃப்டிபி என்ற எளிய முறையில் இன்னொரு கணினிக்கும் ஒரு நகல் அனுப்பிவைப்பார்கள். 1981-லேயே ஏட்டில் ஏறிய அந்த முறை இன்றைக்கும் சாகவில்லை.

நினைவகம் மலிந்த பிறகும் இந்த இரட்டைப் பிரதி ஒழியாததற்குப் பழக்கம் மட்டும் காரணமில்லை. மெல்பர்னில் உட்கார்ந்து, 1,900 கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கும் ரவுட்டரில் ஒரு வரியைத் தப்பாக அடித்தால், அந்த வரியே உங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம். சேமிக்காமல் இருந்தால் பிழைத்தீர்கள்: யாராவது பெட்டியை அணைத்துப் போட்டால் பழைய அமைப்பு திரும்பிவிடும். அணைக்க ஆளில்லாத இடமென்றால், வேலையைத் தொடங்கும் முன்பே 'ரீலோட் இன் 10' என்று அடித்துவிடுவார்கள். எல்லாம் சரியாக நடந்தால் அதை ரத்து செய்யலாம்; இல்லையென்றால் பத்து நிமிடத்தில் பெட்டி தானே அணைந்து எழும். 1998-ல் வந்த, ஜூனிப்பர் என்ற இன்னொரு ரவுட்டர் நிறுவனத்தின் இயக்குமுறை இதை முறையான கட்டளையாகவே ஆக்கியது. 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று அடித்துவிட்டு, பத்து நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் மாற்றத்தை அதுவே திருப்பிவிடும். செல்பேசியின் தானியங்கிச் சேமிப்பைவிட இது நாகரிகமானது என்பேன். செல்பேசி கைக்குள் இருக்கிறது, அதற்கு அது கட்டுப்படியாகும்.

கேள்வி: 2023-ல் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனத்தின் நெட்வொர்க் ஒரு பகல் முழுக்கப் படுத்ததும் யாரோ சேமிக்க மறந்ததால்தானா? (டாண்டினோங், மெல்பர்ன் வாசகர்)

பதில்: இல்லை. சேமித்த அமைப்பு அப்படியே இருந்தது. அதில் யாரும் தொடாத ஒரு வரம்பும் இருந்தது.

2023 நவம்பர் 8 அதிகாலை 4.05 மணிவாக்கில், ஆப்டஸின் தாய் நிறுவனமான சிங்டெல்லின் வட அமெரிக்க இணையச் சந்திப்பு ஒன்றில் நடந்த மென்பொருள் மேம்படுத்தலைத் தொடர்ந்து, வழித்தடத் தகவல்கள் ஆப்டஸுக்குள் வெள்ளமாக வந்தன. இவ்வளவுக்கு மேல் வந்தால் தன்னைத் துண்டித்துக்கொள் என்ற வரம்பு ரவுட்டர்களில் இருந்தது. உற்பத்தியாளர் வைத்து அனுப்பிய இயல்பு மதிப்பு அது. சுமார் 90 ரவுட்டர்கள் அதன்படியே துண்டித்துக்கொண்டன. ஒரு கோடிப் பேருக்குச் சேவை இல்லை. மெல்பர்னில் காலை ரயில்களும் நின்றன.

தொலைவிலிருந்து அணைத்துப் போடலாமென்றால், உள்ளே போகும் வழியே அந்த நெட்வொர்க்தான். பல ரவுட்டர்களுக்கு ஆட்கள் நேரில் போய்த்தான் இணைக்கவோ மீண்டும் இயக்கவோ வேண்டியிருந்தது. இப்படி மொத்தமாக முடங்குவதற்கென்று திட்டம் எதுவும் கையில் இல்லை என்று ஆப்டஸின் நெட்வொர்க் பிரிவுத் தலைவர் லாம்போ கனகரத்தினம் செனட் விசாரணையில் ஒப்புக்கொண்டார். தலைமைச் செயல் அதிகாரி கெல்லி பேயர் ரோஸ்மரின் நவம்பர் 20-ல் பதவி விலகினார். முடக்கம் நேர்ந்த அன்று 2,145 பேரால் ட்ரிபிள் ஸீரோ அவசர எண்ணை எட்ட முடியவில்லை என்று ஒழுங்குமுறை ஆணையம் கண்டறிந்தது. அதற்காக ஆப்டஸ் 2024-ல் 1.2 கோடி டாலருக்கும் மேல் அபராதம் கட்டியது.