முன்னால் நான் போகிறேன்

அன்புள்ள மருமகனுக்கு,


ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் உன் சரக்குக் கப்பலை அடித்துவிட்டார்கள் என்று உம்மா சொன்னா. இரண்டு நாளாக நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். விளையாட்டுத்தானே என்று நான் சொல்லமாட்டேன். மூன்று மாதம் இரவிரவாகச் சேர்த்த சரக்கு அது. "பொலிஸ் இருக்கிற இடத்தில் எப்படி அடிக்கலாம்?" என்று கேட்டாயாமே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட அந்த விளையாட்டில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை கொன்கோர்ட் என்ற பொலிஸ் வரும். அதற்குக் கீழே வராது. 0.4 முதல் 0.1 வரை, மண்டலங்களை இணைக்கும் வாசல்களில் உள்ள பீரங்கிகள்தான் காவல், 0.0இல் அதுவும் இல்லை. ஒலுவில் துறைமுகத்தில் எந்த ஆழ்கடல் படகுக்காரரிடம் கேட்டாலும் இதே கணக்கைச் சொல்வார். 12 கடல் மைல் வரை நம் இலங்கைக் கடல். 200 வரை மீன் பிடிக்கும் உரிமை நமக்கு. அதைத் தாண்டினால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல்.

ஆனால் நீ அடிபட்டது பாதுகாப்பான இடத்தில். கொன்கோர்ட் தடுக்க வருவதில்லை, தண்டிக்க வருகிறது. துறைமுகம் கட்டிய பிறகு நமது வடக்குக் கரையைக் கடல் அரித்ததே, தென்னைகள் விழுந்த பிறகுதானே கல் வந்தது! அப்படித்தான் இதுவும். அது வந்துசேரச் சில விநாடிகள் ஆகும், 1.0இல் சீக்கிரம், 0.5இல் சுணங்கி. அந்த இடைவெளிக்குள் மலிவான சிறு கப்பல்கள் கூட்டமாக வந்து அடித்து முடிக்கின்றன. வந்தவை எல்லாம் அழியும். தப்ப உபாயம் செய்தால் நிறுவனமே கணக்கைத் தடை செய்யும். ஆனால் அந்த நட்டத்தை அவர்கள் முதலிலேயே கூட்டிப் பார்த்துவிட்டார்கள். சிதறிய உன் சரக்கில் மிஞ்சியதை அவர்களுடைய ஆள் ஒருவன் அள்ளிப் போவான். மிஞ்சுவது நட்டத்தைவிடப் பெறுமதி என்றால் அவர்களுக்கு அது வியாபாரம்.

இன்னொன்று. 2011 கடைசி வரை, கொன்கோர்ட் அழித்த கப்பலுக்கும் காப்புறுதிப் பணம் கிடைத்தது. குற்றம் செய்தவனுக்கே இழப்பீடு! அதை நிறுத்தியது மிகச் சரியான வேலை.

எலீட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டு 2014இல் வந்தது. அதில் முறைப்பாடு உன் கையில். உனக்கு எதிரான குற்றத்தை அறிவிக்கவா என்று கேட்கும் ஒரு தெரிவு இருக்கிறது. நண்பர்கள் பழகுவதற்காகச் சண்டை பிடிக்கும்போது அதை அணைத்துவிட்டு, பிறகு மறந்துவிடுகிறார்கள். அணைத்தவனைக் கொன்றால் பொலிஸும் வராது, தண்டப்பணமும் விழாது. முறைப்பாடு இல்லாத இடத்தில் சட்டத்துக்குக் கண் இல்லை. 2018இல் அங்கே கெட்ட பெயர் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். கொலைக்குக் கொலை ஏறி 10 வரை போகும். ஒன்று குறைய இரண்டு மணி நேரம் விளையாட வேண்டும். அது தீரும்வரை காசு கட்டி மீள முடியாது. என் மனதுக்கு இதுதான் நீதி. வசதியுள்ளவனுக்குத் தண்டப்பணம் வெறும் கட்டணம். நேரம் யாருக்கும் மலிவில்லை.

முறைப்பாடு எட்ட வேண்டும் என்பது நிஜக் கடலுக்கும் பொருந்தும். 2024 ஜனவரியில் 'லொரென்சோ புதா 4' என்ற நமது நாட்டு மீன்பிடிப் படகை, ஆறு பேரோடு, சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்தது நினைவிருக்கும். மீட்டது சீஷெல்ஸ் படை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் கொள்ளையரைப் பிடிக்கும் உரிமை எல்லா நாடுகளுக்கும் உண்டு. ஆனால் செய்தி போய்ச் சேரவேண்டும். ஆழ்கடல் படகில் தொடர்புக் கருவியை அணைக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வதும் அதனால்தான்.

நீயும் உன் கப்பலை அடித்த அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து அடிக்கப் போவதாகச் சொன்னாயாம். வேண்டாம் மகன். உன்னைக் கொன்றவனைத் திருப்பி அடிக்க விளையாட்டே 30 நாள் உரிமை தருகிறது; விரும்பினால் அவனைத் தேடிப் போ. அடுத்த வாசலில் சரக்கோடு வருகிறவன் உனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவனும் ஒருத்தியின் பிள்ளை, சாப்பிடாமல் படுப்பான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மடிக்கணினியோடு ஒலுவிலுக்கு வா. மிச்சச் சரக்கை ஒரே கப்பலில் அடைக்காமல் மூன்று நடையாகப் பிரிப்போம். தானோட்டி வேண்டாம், கையால் ஓட்டு. ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். பிறகு நீ வா.

அன்புடன்,
மாமா